செயல்திறன் தணிக்கை: ஆளும்போது ஒரு பேச்சு, எதிர்வரிசையில் ஒரு பேச்சு ஏன்?

மாநில அரசுத் துறைகளையும் வாரியங்களையும் சிஏஜி எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் செயல்திறன் தணிக்கை செய்வதை அரசியல்வாதிகள் உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தேர்தலில் அந்த அறிக்கையைக் கையில் ஏந்தி வாக்குக் கேட்ட கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அதே அலுவலகத்தின் அறிக்கையை உள்நோக்கம் கொண்டது என்று சாடுவது ஏன் என்பதும் உங்கள் கேள்வி. இது கட்சிகளின் கொள்கையைச் சார்ந்த வேறுபாடாக எனக்குத் தெரியவில்லை. பேசுபவர் அவையில் எந்தப் பக்கம் அமர்ந்திருக்கிறார் என்பதே அவர் கருத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் விஷயத்தின் பாதியைத்தான் சொன்னதாகும். தணிக்கை அறிக்கை எந்த நாளில் வெளியே வர வேண்டும் என்பதைத் தணிக்கைக்கு உள்ளான அரசே முடிவு செய்ய முடிகிறது என்பதுதான் மீதிப் பாதி. என் கணிப்பில் அதுவே முக்கியமானதும்கூட.

முதலில் செயல்திறன் தணிக்கை என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் அலுவலகங்களில் 'தணிக்கைத் தடை' என்றதும் ஊழியர்கள் அஞ்சுவது வழக்கமான தணிக்கையை. ரசீது இருக்கிறதா, அனுமதி ஆணை இருக்கிறதா, ஒப்பந்தப்புள்ளி விதிகளின்படி நடந்ததா என்று அது பார்க்கும். செயல்திறன் தணிக்கை கேட்கும் கேள்விகள் வேறு. மருத்துவமனைக் கட்டடத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் மருத்துவர் இருக்கிறாரா, வாங்கிய கருவி உறையைவிட்டு வெளியே வந்ததா, இதே பணியை இன்னும் குறைந்த செலவில் முடித்திருக்க முடியாதா, திட்டம் யாருக்காகத் தீட்டப்பட்டதோ அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று அது விசாரிக்கும். சிக்கனம், திறன், பயன்விளைவு என்ற மூன்றே அதன் அளவுகோல்கள். வழக்கமான தணிக்கையில் பெரும்பாலும் எழுத்தரும் செயற்பொறியாளரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செயல்திறன் தணிக்கையிலோ திட்டத்தை அறிவித்த அமைச்சர் வரையில் கேள்வி செல்கிறது. அரசியல்வாதிகள் இதைத் தனியாகக் கவனிப்பதற்கும் இதன்மேல் எரிச்சல் கொள்வதற்கும் காரணம் இதுதான்.

இந்தத் தணிக்கை திடீர்ச் சோதனை போல நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் துறைச் செயலாளருடன் கூட்டம் நடத்தி, எந்த அளவுகோலை வைத்து ஆராயப்போகிறோம் என்று தணிக்கையாளர் விளக்குவார். பிறகு மாதிரிக்கு எடுத்த மாவட்டங்களில் ஆவணங்களைப் பார்ப்பார்கள். துறை அலுவலர்களை உடன் அழைத்துக்கொண்டு களத்தில் கூட்டாய்வும் செய்வார்கள். வரைவு அறிக்கை துறைக்கு அனுப்பப்பட்டு விளக்கம் கேட்கப்படும். கடைசியில் நிறைவுக் கூட்டமும் உண்டு. துறை சொன்ன விளக்கமும், அதைத் தணிக்கை ஏற்காவிட்டால் அதற்கான காரணமும் அறிக்கையிலேயே அச்சாகும். ஆகவே 'எங்களைக் கேட்காமலேயே எழுதிவிட்டார்கள்' என்று அமைச்சர் ஒருவர் சொன்னால், கேட்டார்களா இல்லையா என்பதை அறிக்கையைத் திறந்து எவரும் சரிபார்த்துவிடலாம். துறை பதில் தரவில்லை என்று அறிக்கையே பதிவு செய்திருக்கும் இடங்கள் ஏராளம்.

தணிக்கையாளருக்கு இந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி ஒரு காலத்தில் பலமாக எழுந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் இந்தப் பதவியை உருவாக்குகின்றன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கடமைகளையும் அதிகாரங்களையும் வகுக்கிறது. அந்தச் சட்டத்தில் 'செயல்திறன் தணிக்கை' என்ற பெயரே இல்லை. 2007ஆம் ஆண்டின் தணிக்கை ஒழுங்குமுறைகளில்தான் அது விரிவாக வந்தது. இதைக் காட்டித் தொடரப்பட்ட வழக்கை 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சிஏஜி வெறும் கணக்குப்பிள்ளை அல்லர், அரசு தன் வளங்களை எப்படிப் பயன்படுத்தியது என்று ஆராய அரசமைப்பு அவருக்கு இடமளிக்கிறது என்பதே நீதிபதிகளின் நிலைப்பாடாக இருந்தது. அம்பேத்கர் 1949 மே மாதம் அரசமைப்பு நிர்ணய சபையில் பேசும்போது, அரசமைப்பில் மிக முக்கியமான அதிகாரி அனேகமாக இவராகத்தான் இருப்பார் என்று சொன்னதையும் இங்கே நினைவுகூர வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை விவாதம் அன்றே முடிந்துவிட்டது. அரசியலில் அது இன்னும் முடியவில்லை.

கேரளத்தில் நடந்ததைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்கான ஒப்பந்தத்தை காங்கிரஸின் உம்மன் சாண்டி தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு 2015 ஆகஸ்டில் அதானி குழுமத்துடன் செய்துகொண்டது. 2017 மே மாதம், பினராயி விஜயன் முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் மாநிலத்தின் நலனுக்கு ஏற்றவையாக இல்லை என்றும், வழக்கமான 30 ஆண்டு உரிமக் காலத்தை 40 ஆண்டாக நீட்டியதால் நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்றும் கூறியது. இடது முன்னணி அரசு அறிக்கையை ஏற்று நீதி விசாரணை ஆணையம் அமைத்தது. உம்மன் சாண்டி அறிக்கையில் பிழைகள் இருப்பதாகவும், தணிக்கைக்கு உதவிய ஆலோசகர் ஒருவரின் நடுநிலைமை ஐயத்துக்குரியது என்றும் சிஏஜியிடமே முறையிட்டார். முறைகேடு நடந்ததற்குச் சான்றில்லை என்று பின்னர் ஆணையம் தெரிவித்தது.

நான்கு ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி, மசாலா பத்திரங்கள் (வெளிநாட்டில் விற்கப்படும், ரூபாய் மதிப்பிலான கடன் பத்திரங்கள்) வழியாக 2,150 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சந்தையில் திரட்டியது உள்ளிட்ட வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியேயான கடன்கள் அரசமைப்புக்கு முரணானவை என்று மாநில நிதிநிலை பற்றிய சிஏஜி அறிக்கை சொன்னது. இது செயல்திறன் தணிக்கை அன்று, நிதித் தணிக்கைதான். ஆனால் அரசியல்வாதிகளின் மனப்போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. நிதியமைச்சர் தாமஸ் ஐசக், அறிக்கை அவையில் வைக்கப்படும் முன்பே, 2020 நவம்பரில் அதன் உள்ளடக்கத்தைச் செய்தியாளர்களிடம் வெளியிட்டு மறுத்தார். உரிமைமீறல் புகாரை எழுப்பியவர் காங்கிரஸின் வி. டி. சதீசன். 2021 ஜனவரி 22 அன்று, அறிக்கையில் கிஃப்பி குறித்த பகுதிகளை நிராகரித்துக் கேரள சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. 2017இல் தணிக்கையாளரைச் சந்தேகித்த முன்னணி 2021இல் அவர் மாண்பைக் காக்க எழுந்தது. 2017இல் அவர் சொல்லை ஏற்று ஆணையம் அமைத்த முன்னணி 2021இல் அவர் எழுதியதை அவைக்குறிப்பிலிருந்தே நீக்க முனைந்தது.

ஐசக்கின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிஃப்பி பற்றிய கடுமையான பகுதிகள் வரைவில் இல்லாமல் இறுதி அறிக்கையில் சேர்க்கப்பட்டன, விளக்கம் அளிக்க அரசுக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. அது உண்மையானால் தணிக்கை தன் முறையைத் தானே மீறியதாகும். ஆனால் அந்தக் குறையைத் தெரிவிக்க வேண்டிய இடம், தணிக்கை அறிக்கைகளை ஆராயும் சட்டமன்றக் குழுவான பொதுக் கணக்குக் குழு. குழு விசாரிக்கும் முன்பே பெரும்பான்மை வாக்கால் ஒரு தணிக்கைக் கண்டறிதலை நிராகரிக்கலாம் என்றால், அறுதிப் பெரும்பான்மை உள்ள எந்த அரசையும் தணிக்கை செய்யவே முடியாது. அந்தத் தீர்மானம் தவறான முன்னுதாரணம் என்றே அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன்.

டெல்லி முழு மாநிலம் இல்லை என்றாலும் அங்கே நடந்தது இன்னும் கூர்மையானது. ஆம் ஆத்மி கட்சி பிறந்ததே ஊழல் எதிர்ப்பு இயக்கத்திலிருந்து. அந்த இயக்கத்துக்கு எரிபொருளாக இருந்தவற்றில் காமன்வெல்த் விளையாட்டு, அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய சிஏஜி அறிக்கைகள் முக்கியமானவை. அர்விந்த் கேஜ்ரிவால் 2014 ஜனவரியில், முதல்முறை முதல்வரான சில நாள்களிலேயே, தனியார் மின் விநியோக நிறுவனங்களைச் சிஏஜி தணிக்கை செய்ய ஆணையிட்டார். அந்த ஆணையை 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே கட்சியின் ஆட்சி முடிவதற்குள் 14 சிஏஜி அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் கிடந்தன. பாஜகவின் விஜேந்தர் குப்தாவும் சக உறுப்பினர்களும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அரசின் காலதாமதம் அதன் நல்லெண்ணத்தையே சந்தேகிக்க வைக்கிறது என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் கண்டித்தது. என்றாலும் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டும்படி உத்தரவிட மறுத்துவிட்டது. பிப்ரவரியில் ஆட்சி மாறியது. வழக்குத் தொடுத்த விஜேந்தர் குப்தாவே பேரவைத் தலைவரானார். பிப்ரவரி 25 அன்று மதுபான விநியோகம் பற்றிய செயல்திறன் தணிக்கை அறிக்கை அவைக்கு வந்தது. 2,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அது கணக்கிட்டிருந்தது.

அன்று மாலை நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடை. ஆம் ஆத்மியின் மதுபானக் கொள்கை ஊழல் நிரூபணமாகிவிட்டது என்றது பாஜக. அறிக்கையின் பெரும்பகுதி பழைய கொள்கையின் ஓட்டைகளையே பேசுகிறது, அதை மாற்றியது சரிதான் என்று தணிக்கையாளரே சொல்லிவிட்டார் என்றார் ஆம் ஆத்மியின் முன்னாள் முதல்வர் அதிஷி. இரண்டு பேச்சுகளுக்கும் ஆதாரமான பத்திகள் அந்த ஒரே அறிக்கையில் இருக்கின்றன. தனக்கு வேண்டிய பத்தியை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது இரண்டு தரப்புக்கும் பொதுவான பழக்கம்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருகிறேன். சென்னைக்காரர்கள் யாரும் 2015 டிசம்பர் 1ஆம் நாள் இரவை மறந்திருக்க முடியாது. அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது, அடையாற்றங்கரை மூழ்கியது. நூறாண்டு காணாத மழை, இயற்கைப் பேரிடர் என்பது அன்றைய அதிமுக அரசின் நிலைப்பாடு. வெள்ள மேலாண்மை பற்றிச் சிஏஜி தனியாகவே ஒரு செயல்திறன் தணிக்கை நடத்தியது. அது மனிதரால் விளைந்த பேரிடர் என்று அறிக்கை கூறியது. ஏரியின் நீர்ப்பரப்புக்குள் இருந்த தனியார் நிலங்கள் மூழ்காதபடி ஏரியை முழுக் கொள்ளளவுக்கு நிரப்பாமல் நீரைத் திறந்ததையும், நீர்வழிகளில் ஆக்கிரமிப்புகள் அனுமதிக்கப்பட்டதையும், நீண்டகால வெள்ளத் தடுப்புத் திட்டங்கள் தேங்கிக் கிடந்ததையும் அது அடுக்கியது. ஒரு நகரம் தன் துயரத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஆவணம் அது.

அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலை 9 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், வேறு பல அறிக்கைகளோடு சேர்த்து. வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகள் கடந்திருந்தன. கடைசி நாளில் வைக்கப்படும் அறிக்கையை அவையில் எவரும் விவாதிக்க முடியாது. அடுத்த கூட்டத்தொடருக்குள் நாளிதழ்கள் வேறு செய்திக்குப் போய்விடும். இது ஓர் அரசு மட்டும் செய்த காரியமும் அன்று. தமிழ்நாட்டில் இரு கழக ஆட்சிகளிலும் சிஏஜி அறிக்கைகள் கடைசி நாளில் வந்திருக்கின்றன. குஜராத்தில் நரேந்திர மோடி முதல்வராக இருந்த ஆண்டுகளில் இதே வழக்கத்தைக் காங்கிரஸ் திரும்பத் திரும்பக் கண்டித்தது. 2015 வெள்ளத்தில் திமுக கேட்ட கேள்விகளைப் போன்றவற்றை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு அதிமுக கேட்டது. மழைநீர் வடிகாலுக்குச் செலவிட்டதாகச் சொல்லப்பட்ட 4,000 கோடி ரூபாய் குறித்து எடப்பாடி பழனிசாமி வெள்ளை அறிக்கை கோரினார். கோரிக்கை நியாயமானது. ஆட்சியில் இருந்தபோது அந்த வெள்ள அறிக்கையை முதல் நாளிலேயே வைத்து விவாதத்துக்கு அனுமதித்திருந்தால் அந்தக் கோரிக்கைக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

அரசியல்வாதிகளின் மனக்குறைகள் எல்லாவற்றையும் தள்ளிவிடக் கூடாது. நடந்து முடிந்த பிறகு வந்து, மூன்று ஆண்டுக் கோப்புகளை நிதானமாகப் படித்து, இப்படிச் செய்திருக்கலாமே என்று எழுதுவது எளிது. மழை கொட்டும் இரவில் மதகுக்கு அருகில் நின்று முடிவெடுத்த பொறியாளருக்கு அந்த வசதி இருக்கவில்லை என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. உத்தேச இழப்பு என்று பெருந்தொகைகளைக் கணக்கிடுவதும் அப்படியே. 2010இல் அலைக்கற்றை ஒதுக்கீட்டில் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்று சிஏஜி சொன்ன எண் நாட்டின் அரசியலையே புரட்டியது. அந்த விவகாரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் விடுதலை செய்தது. தணிக்கைக் கண்டறிதலும் குற்றவியல் நிரூபணமும் வேறு வேறு என்பது உண்மைதான். ஆனால் மேடைகளில் அந்த எண் பேசப்பட்ட விதத்தில் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. ஓய்வுபெற்ற சிஏஜிக்கள் அரசியல் பதவிகளுக்குச் செல்வதும் சந்தேகத்துக்கு வழிவிடுகிறது. போஃபர்ஸ் பீரங்கிக் கொள்முதல் பற்றிய அறிக்கையை 1989இல் அளித்த டி. என். சதுர்வேதி பிற்பாடு பாஜகவின் மாநிலங்களவை உறுப்பினராகவும் கர்நாடக ஆளுநராகவும் ஆனார். அவர் அறிக்கையில் பிழை இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அடுத்த தணிக்கையாளரைத் தாக்க விரும்புகிறவருக்கு இது ஆயுதமாகிவிடுகிறது.

பொதுவெளியில் அதிகம் கேட்காத இன்னொரு கருத்தும் உண்டு. செயல்திறன் தணிக்கையை மனதார வரவேற்கும் அமைச்சர்கள் இருக்கிறார்கள். தன் துறையில் காலிப்பணியிடங்கள் நிரப்பப்படவில்லை, நிதித்துறை பணத்தை ஆண்டிறுதியில்தான் விடுவித்தது என்று தணிக்கையாளர் எழுதித் தந்தால், அமைச்சரவையில் அதைக் காட்டி வாதாட அவருக்கு வலு கிடைக்கிறது. ஆட்சி மாறிய பிறகு வரும் அறிக்கைகள் பெரும்பாலும் முந்தைய ஆட்சிக் காலத்தைப் பற்றியவை என்பதால் புதிய அரசுக்கு அவை உவப்பானவை. பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராகி 2021 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்ட வெள்ளை அறிக்கையும் சிஏஜியின் கணக்குகளைச் சான்றாகக் கொண்டது. முந்தைய ஆட்சியைப் பற்றிய தணிக்கையை மதிப்பதில் அரசியல் துணிவு அதிகம் தேவையில்லை. தன் ஆட்சியைப் பற்றியதை மதிப்பதில்தான் அது தேவை.

அறிக்கை அவைக்கு வந்தபின் அதை ஆராய வேண்டியது பொதுக் கணக்குக் குழு. மக்களவையில் 1967இல் மினு மசானி தொடங்கி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே இந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்பது மரபு. மாநிலங்களில் இந்த மரபு அவரவர் வசதிக்கு வளைகிறது. மேற்கு வங்கத்தில் பாஜக சின்னத்தில் வென்று 2021 ஜூனில் திரிணாமூலுக்குத் திரும்பிய முகுல் ராயை, அடுத்த மாதமே எதிர்க்கட்சி உறுப்பினர் என்ற கணக்கில் குழுத் தலைவராக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021க்குப் பிறகு ஆளும் கூட்டணியைச் சேர்ந்த காங்கிரஸின் செல்வப்பெருந்தகை அந்தப் பொறுப்பில் இருந்தார். கூட்டணித் தோழமை எவ்வளவு இருந்தாலும், தன் கூட்டணியின் அரசைத் தான் விசாரிப்பது என்பது எவருக்கும் இயல்பாக வரக்கூடியதன்று. குழுவின் முன் பல ஆண்டுப் பத்திகள் தேங்குவதும், விசாரணை வருவதற்குள் சம்பந்தப்பட்ட செயலாளர் ஓய்வு பெற்றுவிடுவதும் நாடெங்கும் உள்ள நிலை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் இதற்கு வேறு வழி கண்டது. அங்கே மாநிலத் தணிக்கையாளரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் சட்டமன்றம் அனுமதித்தாலன்றி செயல்திறன் தணிக்கை செய்ய அவருக்கு அதிகாரம் இல்லாத நிலையே நெடுங்காலம் நீடித்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் அதை விட்டுக்கொடுக்கத் தயங்கினார்கள். 2005 நவம்பரில் 900ஆம் எண் மக்கள் முன்முயற்சி (மக்களே முன்மொழிந்து வாக்களிக்கும் சட்டம்) வாக்கெடுப்பில் வென்று, மாநில, உள்ளாட்சி அமைப்புகள் அனைத்தையும் தணிக்கை செய்யும் அதிகாரத்தை அவருக்குத் தந்தது. விற்பனை வரியில் மாநிலத்தின் பங்கிலிருந்து 0.16 சதவீதத்தை அதற்கென ஒதுக்கியது. அறிக்கை வெளியான 30 நாளுக்குள் சம்பந்தப்பட்ட அவை பொது விசாரணை நடத்தி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். பரிந்துரைகள் என்ன ஆயின என்று ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் தெரிவிக்க வேண்டும். அங்கும் அரசியல்வாதிகள் மனம் மாறிவிடவில்லை. சில ஆண்டுகளில் நிதி நெருக்கடி வந்தபோது தணிக்கைக்கென்று இருந்த பணத்தில் ஒரு பகுதியைச் சட்டமன்றம் வேறு செலவுக்குத் திருப்பியது. ஆனால் அறிக்கையை மறைத்து வைக்க அவர்களால் முடியவில்லை. தேதி அவர்கள் கையில் இல்லை.

நம் அரசமைப்பின் 151ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மாநிலக் கணக்குகள் பற்றிய சிஏஜி அறிக்கை ஆளுநருக்கு அளிக்கப்பட வேண்டும், அவர் அதைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அவையில் வைக்கும்வரை அறிக்கை பொதுமக்களுக்குக் கிடைக்காது. டெல்லியில் 14 அறிக்கைகள் தேங்கியதும், சென்னை வெள்ள அறிக்கை கூட்டத்தொடரின் கடைசி நாளில் வந்ததும் இந்த ஒரு இடைவெளியால்தான். வினோத் ராய் சிஏஜியாக இருந்தபோது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துமாறு மத்திய நிதி அமைச்சகத்துக்குத் தணிக்கைத் துறை முன்மொழிந்தது. அறிக்கையை அவையில் வைக்கக் காலக்கெடு வேண்டும் என்பது அந்தக் கோரிக்கைகளில் ஒன்று. அப்போது காங்கிரஸ் கூட்டணி ஆண்டது, சிஏஜியைப் புகழ்ந்தபடி பாஜக எதிர்வரிசையில் இருந்தது. 2014இல் பாஜக ஆட்சிக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இப்போது காங்கிரஸ் அதே அறிக்கைகளை மேற்கோள் காட்டுகிறது. அந்தக் காலக்கெடுவைச் சட்டமாக்கும் திருத்தத்தை இருவரில் எவரும் இதுவரை நிறைவேற்றவில்லை.